ஆடி மாதத்துக் கேமரா

கல்வியாண்டு முடியும் தறுவாயில் அலுவலகத்திலிருந்து ஒரு படிவம் வரும். வளாகத்தில் இயங்கும் மன்றங்கள் அனைத்தும் அதை நிரப்பிக் கொடுக்க வேண்டும். உயர்கல்வி நிறுவனங்களை மதிப்பிட்டுத் தரம் வழங்கும் நாக் குழு என்றைக்கு வந்து நின்றாலும் எடுத்து நீட்டுவதற்கான கோப்பு அது. தமிழ்த்துறையில் பாடம் நடத்தும் நான், எங்கள் பல்கலைக்கழகத்து மாணவர் திரைப்பட மன்றத்தின் பொறுப்பாசிரியராகவும் இருப்பதால் அதை நிரப்பும் வேலை என்னுடையது. உறுப்பினர் எத்தனை பேர், எடுத்த குறும்படங்கள் எத்தனை, வென்ற பரிசுகள் எத்தனை, நடத்திய பயிலரங்குகள் எத்தனை என்று வரிசையாகக் கட்டங்கள். கடைசியில், ‘சென்ற ஆண்டைக் காட்டிலும் வளர்ச்சி’ என்று சற்றே பெரிய கட்டம் ஒன்று. மற்றவற்றை ஒரு மூச்சில் எழுதி முடித்துவிடும் எனக்கு அந்தக் கட்டத்துக்கு வரும்போது மட்டும் பேனா ஓடுவதில்லை. எழுதுவதற்குச் செய்தி இல்லாமல் இல்லை. உறுப்பினர்கள் கூடியிருக்கிறார்கள், படங்கள் கூடியிருக்கின்றன, சென்னையிலும் கோவையிலும் நடக்கும் கல்லூரி விழாக்களிலிருந்து கேடயங்கள் வந்திருக்கின்றன. ஆனால் இந்த மன்றம் உண்மையிலேயே வளர்ந்த ஆண்டு எது என்று யாராவது என்னைத் தனியாக அழைத்துக் கேட்டால், குறும்படங்கள் என்ற கட்டத்தில் நான் சைபர் போட்டுக் கொடுத்த ஆண்டைத்தான் சொல்வேன்.

அந்த ஆண்டுப் படிவத்தை வாங்கிப் பார்த்த அலுவலக உதவியாளர், “மேடம், ஒண்ணுகூடவா இல்ல? போன வருசக் கணக்குல இருந்து ஒண்ணை இந்தப் பக்கம் தள்ளிக்கலாமே” என்று அக்கறையோடுதான் கேட்டார். வேண்டாம் என்றேன். ஏன் வேண்டாம் என்பதை அவருக்கு அப்போது விளக்க இயலவில்லை. சக ஆசிரியர்களிடம் விளக்கப் பார்த்தபோதெல்லாம், “சும்மா இருந்ததைப் போய் வளர்ச்சிங்கறீங்களே” என்ற சிரிப்போடு பேச்சு திசை மாறிவிட்டது. தேநீர் ஆறுவதற்குள் சொல்லி முடிக்கக்கூடிய விஷயம் அன்று என்பது புரிந்ததால் இங்கே எழுதுகிறேன்.

முகூர்த்தம் இல்லாத மாதங்கள்

தொடக்கத்தில் மன்றத்துக்குச் சொந்தமாகக் கேமரா கிடையாது. 2008இல் கேனன் 5டி மார்க் 2 வெளிவந்து, புகைப்படக் கேமராவிலேயே முழு எச்டி தரத்தில் வீடியோ எடுக்க வழி பிறந்த பின், சில ஆண்டுகளுக்குள் அந்த வகைக் கேமராக்கள் சேலத்துக் கல்யாண வீடியோக்காரர்கள் கைக்கும் வந்துவிட்டன. அம்மாபேட்டையில் ஸ்டுடியோ வைத்திருந்த ஒருவரின் மகன் எங்களிடம் படித்தான். அவனுடைய தந்தை கேமராவை இரவல் தரச் சம்மதித்தார். நிபந்தனை ஒன்றே ஒன்றுதான், முகூர்த்த நாளில் கேட்கக் கூடாது. நம் ஊரில் கல்யாணமே நடக்காத மாதங்கள் ஆடியும் மார்கழியும். ஆகவே எங்கள் மன்றத்தின் முதல் படங்கள் எல்லாம் ஆடியிலோ மார்கழியிலோ பிறந்தவை. ஆடியில் சேலம் எப்படி இருக்கும் என்பதைச் சேலத்துக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. கோட்டை மாரியம்மனுக்குப் பூச்சாட்டியதும் பேட்டைக்குப் பேட்டை மாரியம்மன் கோவில்களில் குழாய் ஸ்பீக்கர் ஏறிவிடும். மார்கழியிலோ விடியும் முன்பே திருப்பாவையும் ஐயப்பன் பாட்டும் எதிரெதிர்த் திசைகளிலிருந்து வந்து நடுத்தெருவில் மோதிக்கொள்ளும். எங்களுக்குக் கேமரா கிடைக்கும் காலமும் ஊர் முழுக்க ஸ்பீக்கர் கட்டும் காலமும் ஒன்றாகவே அமைந்துவிட்டன.

இதை அன்று யாரும் ஒரு குறையாகக் கருதவில்லை என்பதுதான் கவனிக்க வேண்டியது. ஒலியைப் பற்றி நினைத்தால் அல்லவா குறை தெரியும். படம் எடுத்து முடித்த பின் விடுதி அறையில் போர்வைக்குள் தலையை நுழைத்துக்கொண்டு கைப்பேசியில் வசனத்தைப் பேசிப் பதிவு செய்வார்கள், இணையத்தில் கிடைத்த ஏதோ ஒரு வயலின் இசையை அதன் மேல் ஊற்றுவார்கள், வேலை முடிந்தது. இதற்காக அவர்களைக் குறை சொல்லவும் முடியாது. பேசும் படம் வந்த புதிதில் நடிகர்கள் கேமராவுக்கு முன்னாலேயே பாடவும் பேசவும் வேண்டியிருந்தது உண்மைதான். ஆனால் அதன் பின் வந்த நெடுங்காலம் முழுவதும் டப்பிங்தான் தமிழ்த் திரையுலகின் வழக்கம். உதட்டசைவுக்குப் பின்னால் கால் நொடி தாமதமாக வந்து சேரும் குரலை நாம் எல்லோரும் சிறு வயது முதல் மன்னித்தே பழகியிருக்கிறோம்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். அப்போது மன்றத்துக்கு வந்தவர்கள் அத்தனை பேரும் இயக்குநர்கள். 2010ஐ ஒட்டிய ஆண்டுகளில் கலைஞர் தொலைக்காட்சியின் ‘நாளைய இயக்குநர்’ நிகழ்ச்சி செய்த வேலை அது. அதில் குறும்படம் எடுத்த கார்த்திக் சுப்பராஜ், நலன் குமரசாமி போன்றோர் 2012, 2013இல் வெள்ளித்திரைக்கே வந்துவிட்டதைப் பார்த்த ஒரு தலைமுறைக்கு, குறும்படம் என்பது கோடம்பாக்கத்துக்குக் கிடைத்த குறுக்குப் பாதையாகத் தோன்றியதில் வியப்பில்லை. கேமராவைப் பிடிப்பவன் ‘இந்த ஒரு படத்துக்கு மட்டும்’ என்று முகத்தைச் சுளித்துக்கொண்டு பிடிப்பான். எடிட்டிங் செய்பவன் தன் படத்துக்கு மற்றவர்கள் உழைப்பார்கள் என்ற கடன் கணக்கில் செய்வான். மாணவிகள் நடிக்க மட்டும் அழைக்கப்பட்டார்கள். கதைகளும் பெரும்பாலும் ஒன்றுபோலவே இருந்தன: காதலில் தோற்றவன், அவனைச் சாவிலிருந்து தடுக்கும் முதியவர், கடைசியில் எல்லாம் கனவு. நடுவில் எப்படியும் ஏற்காட்டுக் கொண்டை ஊசி வளைவு ஒன்று வரும், அதில் பைக்கில் ஒருவன் தலைக்கவசம் இல்லாமல் ஏறிக்கொண்டிருப்பான். மொத்தம் இருபது வளைவுகள் உண்டு. எல்லாவற்றையும் எங்கள் மாணவர்கள் ஒரு கை பார்த்துவிட்டார்கள்.

ஏற்காட்டுக்குப் போகும் வழியில் நிற்கும், மாடர்ன் தியேட்டர்ஸ் என்ற பழைய படக் கம்பெனியின் நுழைவாயில் வளைவும் தப்பவில்லை. டி. ஆர். சுந்தரம் 1935இல் தொடங்கிய அந்த நிறுவனத்தில் நூற்றுக்கும் மேற்பட்ட படங்கள் உருவாயின. 1938இல் மலையாளத்தின் முதல் பேசும் படமான ‘பாலன்’ வந்தது அங்கிருந்துதான். தமிழின் முதல் முழுநீள வண்ணப் படமான ‘அலிபாபாவும் 40 திருடர்களும்’ 1956இல் வந்ததும் அங்கிருந்துதான். இன்று வளைவு மட்டும் நிற்கிறது. அதன் கீழே நின்று கைகட்டிப் படம் பிடித்துக்கொள்ளாத மன்ற உறுப்பினர் கிடையாது. எனக்கு அந்த இடத்தைப் பற்றிப் படித்தவற்றில் மறக்காமல் நிற்பது வேறொன்று. சுந்தரம் இங்கிலாந்தின் லீட்ஸ் நகரில் நெசவுத் தொழில்நுட்பம் படித்துவிட்டு வந்தவர். படக் கம்பெனியை ஓர் ஆலையைப் போலவே நடத்தினார். நேரம் தவறக் கூடாது, ஆட்களுக்கு மாதச் சம்பளம், அவரவர் வேலை அவரவருக்கு. கருணாநிதியும் கண்ணதாசனும்கூட அந்த ஒழுங்குக்குள் இருந்து எழுதியவர்கள்தாம். வளைவின் கீழே நின்ற எங்கள் பிள்ளைகளுக்கு முதலாளியின் பெயர் தெரிந்திருந்தது, வசனகர்த்தாக்களின் பெயர்கள் தெரிந்திருந்தன. அந்த வாசல் வழியாகத் தினமும் காலையில் உள்ளே போன தச்சர், எலக்ட்ரீஷியன், ஒலிப்பதிவாளர் ஆகியோரைப் பற்றி யாரும் கேட்டதில்லை.

யாருமே இல்லாத இடத்துச் சத்தம்

திருப்பம் ஒரு மார்கழியில் வந்தது. ஆங்கில இலக்கியம் முதுகலை படித்த மாணவன் ஒருவன், காப்பித் தோட்டக் காவலாளி ஒருவரையும் பெங்களூரிலிருந்து ஒரு நாள் விடுப்பில் வரும் அவருடைய மகனையும் பற்றிக் கதை எழுதியிருந்தான். வழக்கமான கனவுக் கதை இல்லை. இருவரும் வீட்டுப் படிக்கட்டில் உட்கார்ந்து பேசுவதும் பேசாமல் இருப்பதும் மட்டும்தான் படம். காவலாளியாக நடிக்க, ஏற்காட்டில் தோட்ட வேலை பார்க்கும் ஒரு பெரியவரையே பிடித்திருந்தான். அவருக்கு எழுதப் படிக்கத் தெரியாது; திரையில் தம் உதட்டைப் பார்த்து அதற்கேற்பப் பேசுவது அவரால் ஆகாது. அதைவிட, சொன்ன வசனத்தைச் சொல்லாமல் அவர் தம் போக்கில் பேசியது வசனத்தைவிட நன்றாக இருந்தது. ஆகவே மன்ற வரலாற்றில் முதன்முறையாகப் படப்பிடிப்புத் தளத்திலேயே குரலையும் பதிவு செய்வது என்று முடிவாயிற்று. எதில் பதிவு செய்வது என்று யாரும் கேட்கவில்லை. கேமராவிலேயே மைக் இருக்கிறதே என்று விட்டுவிட்டார்கள்.

படம் பார்க்க அவ்வளவு அழகாக வந்திருந்தது. பழம் எடுக்கும் பருவம்; சில்வர் ஓக் மரங்களில் மிளகுக் கொடி ஏறியிருக்க, அவற்றின் நிழலில் சிவந்த காப்பிப் பழங்கள், அவற்றின் மேல் இறங்கும் பனிமூட்டம். குளிரில் இருந்த கேமராவைத் திடீரென்று அடுப்பெரியும் சமையலறைக்குள் கொண்டுபோனதால் லென்ஸில் ஆவி படிந்து ஒரு காட்சி மங்கிவிட்டது. அதைக்கூட வேண்டுமென்றே செய்ததாக எல்லோரும் எடுத்துக்கொண்டார்கள். கருத்தரங்கக் கூடத்தில் திரையிட்டபோது கைதட்டல் பலமாக இருந்தது. வழக்கப்படி, யாருக்காவது கேள்வி உண்டா என்று கேட்டேன். பின் வரிசையில், தோழிக்குத் துணையாக வந்திருந்த பி.காம் இரண்டாமாண்டு மாணவி ஒருத்தி எழுந்தாள்.

“அண்ணா, படத்துல யாரும் பேசாதப்பத்தான் சத்தம் ஜாஸ்தியா இருக்கு. அது ஏன்?”

இயக்கியவன் சிரித்தான். “அது காத்துச் சத்தம்மா. ஏற்காடு இல்லையா, அப்படித்தான் இருக்கும்.”

“காத்துன்னா அவங்க பேசறப்பவும் அடிக்கணுமே அண்ணா. பேச்சு நின்ன ஒடனே ஏறுது. மறுபடி பேச ஆரம்பிச்சா இறங்கிடுது.”

கூடத்தில் சிலர் சிரித்தார்கள். அவனுக்கு முகம் சுருங்கிவிட்டது. மறுபடி போட்டுப் பார்க்கலாம் என்று நான்தான் சொன்னேன். கண்ணை மூடிக்கொண்டு கேட்டோம். அவள் சொன்னது அப்படியே இருந்தது. பெரியவர் பேசும்போது பின்னணி அடங்கிக் கிடக்கிறது. அவர் வாயை மூடியதும் ஓர் இரைச்சல் மெல்லப் பொங்கி எழுந்து, அந்த மௌனம் முழுவதையும் நிரப்பி நிற்கிறது. தந்தையும் மகனும் ஒன்றும் பேசாமல் மலையைப் பார்த்துக்கொண்டிருக்கும் இடம்தான் படத்தின் உயிர் என்று அவன் எண்ணியிருந்தான். இரைச்சல் மிகுந்திருந்ததும் அந்த இடத்தில்தான்.

காரணம் மிக எளியது என்பது இரண்டொரு நாளில் தெரிந்தது. ஸ்டுடியோக்காரர் மகன் கேமராவின் மெனுவைத் தோண்டிக் கண்டுபிடித்துச் சொன்னான். ஒலி அளவு ‘ஆட்டோ’வில் இருந்திருக்கிறது. குரல் பலமாக வந்தால் கேமரா தானாகவே பதிவின் அளவைக் குறைத்துக்கொள்ளும். குரல் இல்லையென்றால், ஏதாவது கேட்காதா என்று அளவைக் கூட்டிக்கொண்டே போகும். அப்படிக் கூட்டும்போது பூச்சிச் சத்தமும் காற்றும் மட்டுமல்ல, கேமராவுக்குள்ளிருக்கும் மின்சுற்றின் இரைச்சலும் சேர்ந்து மேலே வந்துவிடும். கல்யாண வீட்டில் மேளமும் பேச்சும் மாறி மாறி வரும் இடத்துக்குச் செய்து வைத்த வசதி அது. அங்கே மௌனம் என்று ஒன்று ஏது. மௌனத்தை நம்பி எடுத்த படத்தை அது கெடுத்துவிட்டது. மறுபடி எடுக்கலாம் என்றால் பெரியவருக்குத் தோட்டத்தில் வேலை நெருக்கடி, மாணவனுக்குத் தேர்வு. அந்தப் படம் அந்த ஒரு திரையிடலோடு நின்றுவிட்டது. அவன் அந்தச் சித்திரையில் படிப்பை முடித்துக்கொண்டு போய்விட்டான்.

கேள்வி கேட்ட அந்தப் பெண்ணுக்குச் சேலத்துக்குப் பக்கத்திலுள்ள இளம்பிள்ளை ஊர். வீட்டின் பின்கட்டில் விசைத்தறி. தறி ஓடும் வீட்டில் எல்லோரும் உரக்கப் பேசுவார்கள், உரக்கப் பேசுவதாலேயே காது மந்தமாகிவிடும் என்றுதான் நான் நினைத்திருந்தேன். அவள் சொன்னது வேறு. “நாலு தறி ஓடுனாலும் எது எந்தத் தறின்னு தெரியும் மேம். நாடாவுக்குள்ள இருக்கற நூல் தார் தீரப் போறப்போ நாடா அடிக்கற சத்தம் கொஞ்சம் லேசாகும். சாப்பிட்டுட்டு இருந்தாலும் அம்மா கையைக் கழுவிட்டு எழுந்திருச்சிரும்.” சத்தத்துக்குள் இருந்துகொண்டே சத்தத்தின் மாற்றத்தைக் கேட்கிற காது அது. எங்கள் திரைப்பட மன்றத்தில் அப்படி ஒரு காது அதுவரை இருந்ததில்லை. படம் எடுக்கும் ஆசை என்று எதுவும் அவளுக்கு இருக்கவும் இல்லை. “நான் டைரக்ஷனெல்லாம் பண்ண மாட்டேன். அந்தச் சத்தத்தை மட்டும் நான் பாத்துக்கட்டுமா?” என்று கேட்டுக்கொண்டுதான் மன்றத்துக்கு வந்தாள். இயக்குநராக விரும்பாத ஒருவர் மன்றத்தில் சேர்ந்தது அதுவே முதல் முறை.

சைபர் போட்ட ஆண்டு

அடுத்த ஆண்டு ஒரு படமும் வெளிவரவில்லை. படம் எடுக்கக் கூடாது என்று யாரும் தீர்மானம் போடவில்லை. நாலு நிமிடக் காட்சி ஒன்றைப் பழகிப் பார்ப்பதற்காக எழுதிக்கொண்டார்கள்: சீட்டுப் பணத்தைக் கேட்டு வரும் மகள், தர மறுக்கும் தாய், ஓர் அறை, ஒரு மேசை. அதையே காலி வகுப்பறையில் மறுபடி மறுபடி எடுத்தார்கள். ஒவ்வொரு முறையும் வேலை கைமாறும். சென்ற வாரம் இயக்கியவன் இந்த வாரம் விளக்கைப் பிடிப்பான். முதலில் ஒலிக்காகத் தொடங்கியது இது. மைக் வாயருகே இருப்பதற்கும் அறையின் மறுகோடியில் இருப்பதற்கும் உள்ள வேறுபாட்டைக் காதால் கேட்டு முடித்த பிறகு, தூரம் இரட்டிப்பானால் ஒலி ஆறு டெசிபல் இறங்கும் என்று இயற்பியல் மாணவன் ஒருவன் கரும்பலகையில் போட்டுக் காட்டினான். அதன் பின் மைக்கைக் கேமராவில் விட்டு வைக்க யாருக்கும் மனம் வரவில்லை. அதை நடிப்பவர் தலைக்கு மேலே கொண்டுபோக ஒரு கழி வேண்டும். கடைகளில் விலை கேட்டுவிட்டுத் திரும்பி வந்து, விடுதியில் இருந்த அலுமினிய ஒட்டடைக்கம்பை எடுத்தார்கள். நீட்டவும் குறுக்கவும் வசதி. கை அசைந்தால் கம்பு வழியே மைக்குக்குள் கடகடவென்று வந்த சத்தத்தை, தலைமுடிக்குப் போடும் ரப்பர் பேண்டுகளில் மைக்கைத் தொங்கவிட்டுக் குறைத்தாள் அந்த இளம்பிள்ளைப் பெண். வெளியில் காற்றைத் தடுக்க, கரடி பொம்மை ஒன்றின் தோலை உரித்து மைக்குக்கு உறை தைத்தாள். முகமில்லாத அந்தக் கரடி மாதக்கணக்கில் மன்ற அறையின் அலமாரி மேல் உட்கார்ந்திருந்தது.

பதிவு நடக்கும்போது மின்விசிறியை நிறுத்த வேண்டும் என்பது அவளுடைய சட்டம். பங்குனி, சித்திரைச் சேலத்தில் மின்விசிறியை நிறுத்திவிட்டு ஒரு வகுப்பறையில் பத்துப் பேர் நிற்பது என்பது அனுபவித்தவர்களுக்குத்தான் தெரியும். காட்சி முடிந்ததும் ‘கட்’ சொன்னாலும் நகரவிட மாட்டாள்; வசனம் எதுவும் இல்லாமல், அறை இருக்கிறபடியே அரை நிமிடம் பதிவாக வேண்டும். எடிட்டிங்கில் இரண்டு துண்டுகளை ஒட்டும்போது நடுவில் விழும் பள்ளத்தை அந்த வெற்று ஒலியை வைத்துத்தான் நிரப்ப முடியும். தொடக்கத்தில் யாராவது சிரித்துவிடுவார்கள், அரை நிமிடம் மறுபடி முதலிலிருந்து தொடங்கும். பிறகு பிறகு அந்த அரை நிமிடத்தில் எல்லோரும் கேட்க ஆரம்பித்தார்கள். தண்ணீர் மோட்டார் ஓடுகிறது. பக்கத்து வகுப்பில் டியூப்லைட்டின் சோக் முனகுகிறது. எங்கோ ஜங்ஷனை நோக்கி ரயில் ஊதிக்கொண்டு போகிறது. இவை எல்லாம் எப்போதும் இருந்தவைதான்.

ஒலியை ஒருத்தி தனக்கென்று எடுத்துக்கொண்டதும், மற்ற வேலைகளுக்கும் ஆள் வரத் தொடங்கியதுதான் நான் எதிர்பாராதது. ஓமலூர்ப் பக்கத்திலிருந்து வந்த ஒருவன், தன் தந்தையோடு வயரிங் வேலைக்குப் போய்ப் பழகியவன், டியூப்லைட் வெளிச்சத்தில் எடுத்த காட்சியில் பட்டை பட்டையாக ஏதோ ஓடுவது ஏன் என்பதைக் கண்டுபிடித்தான். நம் வீட்டு மின்சாரம் நொடிக்கு ஐம்பது சுற்று. விளக்கு நொடிக்கு நூறு முறை கூடிக் குறைகிறது. கேமராவின் ஷட்டர் திறந்திருக்கும் நேரத்தை நொடியில் அறுபதில் ஒரு பங்கில் வைத்திருந்தால் அதோடு பொருந்தாது, ஐம்பதில் ஒரு பங்கில் வைத்தால் பொருந்திவிடும். மன்றத்தில் யாருக்கும் தெரியாத ஒன்று தனக்குத் தெரிந்திருந்ததில் அவனுக்கு இருந்த நிமிர்வைப் பார்க்க வேண்டுமே. புள்ளியியல் படித்த மாணவி ஒருத்தி, தாய் டம்ளரை எந்தக் கையில் பிடித்திருந்தாள், முந்தானை எந்தத் தோளில் இருந்தது என்பதை எல்லாம், ஷாட்டுக்கு ஷாட் மாறிவிடாமல் இருக்க, கன்டினியூட்டி நோட்டு ஒன்றில் எழுதத் தொடங்கினாள். இன்னொருவன் எந்தப் பொருளை யார் எப்போது எடுத்துப் போனார்கள் என்று பதிவேடு போட்டான். பேட்டரிகள் காணாமல் போவது அதோடு நின்றது. நடிக்க மட்டும் வந்துகொண்டிருந்த மாணவிகள் வேலை செய்ய வரத் தொடங்கியதும் இந்த ஆண்டில்தான். அவர்கள் வந்த பிறகு, விடுதி வாசல் பூட்டும் நேரத்துக்குள் படப்பிடிப்பை முடித்தாக வேண்டிய கட்டாயம் வந்தது. பையன்கள் முணுமுணுத்தார்கள். ஆனால் இரவு ஒரு மணிக்குத் தேநீர்க் கடையில் உட்கார்ந்து, மறுநாள் எடுக்கப்போகும் காட்சியைப் பற்றி நாலு பேர் மட்டும் முடிவெடுக்கும் பழக்கம் ஒழிந்து, மாலை நாலரை மணிக்கு எல்லோரையும் வைத்துக்கொண்டு பேசும் பழக்கம் வந்தது அந்தக் கட்டாயத்தால்தான்.

அந்தச் சீட்டுப் பணக் காட்சி கடைசி வரை படமாகவில்லை. எந்த விழாவுக்கும் போகவில்லை. போட்டுக் காட்டச் சொன்னால் வன்வட்டில் இருக்கும் ஏதாவது ஒன்றைத்தான் போட முடியும். ஒவ்வொன்றிலும் தாய் வேறு, மகள் வேறு. அதற்கு அடுத்த ஆண்டிலிருந்து வந்த பரிசுகளை அலுவலகம் கொண்டாடியது. பல்கலைக்கழகம் ஒரு கேமராவே வாங்கித் தந்தது. பூட்டக்கூடிய அறையும் கிடைத்தது. இவற்றைப் படிவத்தில் எழுதினேன்.

ஆபீஸ் ஆக்கிவிட்டீர்கள்

இதை ஏற்காத ஒருவர் இருக்கிறார். மன்றத்தின் முதல் அணியில் இருந்து, இப்போது சென்னையில் உதவி இயக்குநராக வேலை பார்ப்பவர். புதிய படங்களை அவ்வப்போது அனுப்பி வைப்பேன். பார்த்துவிட்டுத் தொலைபேசியில் அழைப்பார். “எல்லாம் சுத்தமா இருக்கு மேம். லைட் நல்லா இருக்கு, சவுண்டு நல்லா இருக்கு. ஆனா எவனுக்கும் பைத்தியம் பிடிக்கல. மன்றத்த ஆபீஸ் ஆக்கிட்டீங்க” என்பார். வயதாகிவிட்டவரின் பழம்பெருமை என்று தள்ளிவிட முடியாது. அவருக்கு அப்படி ஒன்றும் வயதாகிவிடவில்லை. மேலும் அவர் கையில் ஒரு சாட்சியம் உண்டு.

அவர் எடுத்த படம் கொலுசுப் பட்டறை பற்றியது. ஓர் ஆடியில், செவ்வாய்ப்பேட்டைப் பக்கத்துச் சந்து ஒன்றில் எடுத்தது. கதை வழக்கம்போல அபத்தம். டப்பிங் பேசியவர்களின் குரல்கள் போர்வைக்குள்ளிருந்து வருவது அப்பட்டமாகத் தெரியும். ஆனால் நடுவில் ஓர் இடம் இருக்கிறது. வயதான பட்டறைக்காரர் ஒருவர் ஊதுகுழலை வாயில் வைத்துச் சுடரைச் சாய்த்து, கொலுசின் ஒரு கண்ணியைப் பற்றவைக்கிறார். கன்னம் இரண்டும் உப்பி, மூச்சு விடாமல் ஊதிக்கொண்டே இருக்கிறார். வெள்ளி ஒரு கணம் ஈரமானதுபோல மின்னி ஒட்டிக்கொள்கிறது. அவர் அடுத்த கண்ணிக்குப் போகிறார். அந்த ஷாட் முடியவே முடியாது. நிறுத்தத் தோன்றவில்லை என்று பின்னால் சொன்னார். வசனம் இல்லாத காட்சி என்பதால் டப்பிங் செய்யாமல் கேமராவில் பதிவான ஒலியையே விட்டு வைத்திருந்தார். பின்னணியில் குழாய் ஸ்பீக்கரில் ஓர் அம்மன் பாட்டு, ஆட்டோ அளவின் புண்ணியத்தில் ஏறி இறங்கி, ஏறி இறங்கி ஒலிக்கிறது. எங்கள் இளம்பிள்ளைப் பெண் பொறுப்பில் இருந்திருந்தால் அந்த ஒலி படத்தில் வந்திருக்காது. கோவிலில் பாட்டு நிற்கும் வரை காத்திருந்திருப்பாள். அதற்குள் பட்டறைக்காரர் சாப்பிடப் போயிருப்பார். மன்றம் இதுவரை எடுத்த எல்லாப் படங்களிலும் எனக்கு மறக்காத ஷாட் எது என்று கேட்டால் அதைத்தான் சொல்வேன், இதையும் மறைக்க விரும்பவில்லை.

ஆனாலும் அவர் சொல்வதை நான் முழுக்க ஒப்புக்கொள்ளவில்லை. அந்தப் பைத்தியத்தில் வயரிங் வேலைக்காரர் மகனுக்கும் தறிக்காரர் மகளுக்கும் இடம் இருக்கவில்லை. கையில் பைக்கும், பெட்ரோலுக்குப் பணமும், இரவில் வெளியே சுற்ற அனுமதியும் உள்ள சிலருக்குத்தான் அது வாய்த்தது. நல்ல ஷாட் ஒன்றுக்காக அவர்களை மறுபடி வெளியே அனுப்ப நான் ஆயத்தமாக இல்லை. பட்டறையையும் பதிவேட்டையும் ஒருசேர வைத்துக்கொள்ள வழி உண்டா என்பது வேறு கேள்வி. அதை நான் தீர்க்க முடியாது, கேமரா கையில் இருப்பவர்கள்தாம் தீர்க்க வேண்டும். அதனால், குறை சொல்வதை நேரில் வந்து பிள்ளைகளிடமே சொல்லுங்கள் என்று அவரை இரண்டு நாள் பயிலரங்குக்கு அழைத்தேன். வருகிறேன் என்றார். பிள்ளைகள் கேட்கப்போகும் கேள்விகளை முன்கூட்டியே அனுப்பச் சொன்னார். இயக்கத்தைப் பற்றிப் பக்கம் பக்கமாக வரும் என்று எதிர்பார்த்திருப்பார் போலும். எங்கள் பிள்ளைகள் மூன்றே கேள்விகளை அனுப்பினார்கள். வெளிப்புறப் படப்பிடிப்பில் ஜெனரேட்டர் சத்தத்தை எவ்வளவு தூரத்துக்கு அப்பால் கொண்டுபோய் வைப்பீர்கள்? கன்டினியூட்டி நோட்டு யார் கையில் இருக்கும்? உதவி இயக்குநருக்கு மாதச் சம்பளம் உண்டா, உண்டென்றால் மாதா மாதம் வருமா?

முதல் இரண்டுக்கும் அன்றிரவே நீளமாகப் பதில் எழுதி அனுப்பினார். “மூணாவதுக்கு நேர்ல வந்துதான் சொல்லணும். பஸ்ஸுக்குக் காசு போட்டு விடுங்க” என்று ஒரு சிரிப்புப் படத்தையும் சேர்த்திருந்தார். டிக்கெட்டைக் கொண்டுவந்து காட்டினால்தான் பணம் தர முடியும் என்று மன்றத்தின் பொருளாளர் அவருக்குப் பதில் அனுப்பியிருக்கிறாள்.